‘ஆயிரம் ஸ்டிக்கர் வீணாப் போச்சு!’ - செல்போன் பாடம் பார்த்து லேபிள் போடக் கற்ற மல்லாட்டை விவசாயி

திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசிக்குப் பக்கத்தில், கிணற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர் மணிலா பயிர் செய்யும் குடும்பம் அது. அந்தப் பகுதியில் நிலக்கடலைக்கு மணிலா என்றும் மல்லாட்டை என்றும்தான் பெயர். அறுத்து, ஆய்ந்து, காயவைத்து மூட்டையாகக் கமிட்டிக்குக் கொண்டுபோனால் அன்றைய விலைதான். அதனால் மூன்று வருடங்களாக ஒரு பகுதிக் காயை உடைத்து, பக்கத்து ஊர் மரச்செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்கிறார்கள். சுமார் இரண்டரை கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்கிறது. பிண்ணாக்கு வீட்டு மாடுகளுக்கு. ஊருக்குள்ளும் உறவினர்களிடமும் விற்றவரை எந்தச் சிக்கலும் இல்லை. சென்னையில் இயற்கை விளைபொருள் கடை ஒன்று 40 பாட்டில் கேட்டபோதுதான் வினை ஆரம்பித்தது.

டவுனில் இருந்த டி.டி.பி. சென்டரில் சொல்லி ஆயிரம் ஸ்டிக்கர் அடித்தார்கள். குழுக் கடனில் எடுத்த 3,000 ரூபாய் அதற்குப் போனது. எண்ணெய் சென்னைக்குப் போன நான்காம் நாள் கடைக்காரர் போன் செய்தார். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து வாங்கிய 14 இலக்க எண் ஸ்டிக்கரில் இல்லை. தொகுதி எண் இல்லை. பாட்டிலில் அடைத்த தேதி எழுத இடம் இல்லை. நடுவில் பெரிய எழுத்தில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது, இதயத்துக்கு இதமானது’ என்று இருந்தது. சமையல் எண்ணெய் லேபிளில் இந்த மாதிரி வாசகங்கள் போடக் கூடாது என்று விதியே இருக்கிறது. போதாததற்கு ‘எண்ணை’ என்று எழுத்துப்பிழை. டி.டி.பி. சென்டரில் இணையத்திலிருந்து எடுத்துப் போட்ட படம் மணிலாவே இல்லை, பாதாம்!

40 பாட்டிலும் பார்சல் சர்வீஸில் திரும்பி வந்தன. மூடி கசிந்து ஆறு பாட்டில் வீண்.

“பொருள்ல குத்தம் சொல்லி இருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். ஒட்டின காகிதத்துக்காகத் திருப்பி அனுப்பினாங்க. எங்க அத்தை ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல” என்கிறார் அந்த வீட்டு மருமகள். பத்தாம் வகுப்பு வரை படித்தவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே தரவில்லை. டி.டி.பி. சென்டரில் திருத்தித் தர 800 ரூபாயும், மறுபடி அச்சடிக்கத் தனிக் காசும் கேட்டார்கள். அதுவும் எப்போது போனாலும் “ரெண்டு நாள் கழிச்சு வாங்க” என்ற பதில்தான். அந்த வரிசையில் நிற்கும்போதுதான், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பையன் என்ன செய்கிறான் என்று கவனித்திருக்கிறார். “படத்தை இழுக்கறான், எழுத்தை அடிக்கறான், பெருசு பண்றான், சிறுசு பண்றான். கோலத்துக்குப் புள்ளி வைக்கறவளுக்கு இது வராதான்னு தோணுச்சு.”

கொரோனா காலத்தில் மகனின் பாடத்துக்காக வாங்கிய செல்போன் வீட்டில் இருந்தது. தேடும் இடத்தில் மைக் படத்தை அழுத்தி, ‘லேபிள் டிசைன் செய்வது எப்படி’ என்று தமிழிலேயே கேட்டால் வீடியோக்கள் கொட்டுகின்றன. முதல் இரண்டு வாரம் பார்த்துத் தள்ளியிருக்கிறார். ஒன்றும் ஏறவில்லை. பார்க்கும்போது சுலபமாகத் தெரிவது, தானே செய்ய உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. வீடியோவில் காட்டும் பொத்தான் இவர் போனில் வேறு இடத்தில் இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. இணையத்தில் உள்ள பாடங்களில் பாதி பழசு. செயலி மாறிக்கொண்டே இருக்கும், பாடம் அப்படியே கிடக்கும். 2020-ல் மத்திய அரசு தடை செய்த சில வீடியோ செயலிகளுக்கான பாடங்கள்கூட இன்னமும் அங்கேயே இருக்கின்றன. வீடியோவைத் தொடங்கும் முன் அது எப்போது பதிவேற்றப்பட்டது என்று பார்த்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

வேறொரு பள்ளத்திலும் விழுந்தார். ‘பத்தே நாளில் டிசைனர், வீட்டிலிருந்தே சம்பாத்தியம்’ என்று ஒரு விளம்பரம். 499 ரூபாய் கட்டினால் வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பார்களாம். சேர்த்தார்கள். மூன்று நாள் வாழ்த்துச் செய்தி வந்தது, நான்காம் நாள் குழுவையே காணோம். வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவே ஒரு மாதம் ஆனதாம். காசு கட்டித்தான் படிக்க வேண்டும் என்பது இந்த வித்தையில் பெரும்பாலும் தேவையே இல்லை. இலவசமாகக் கிடைப்பதை முழுதாகக் கற்று, அதற்கு மேல் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

திருப்பம், பரணில் கிடந்த ஒரு பழைய லேப்டாப்பால் வந்தது. அக்கா மகள் பிளஸ் டூ படித்தபோது தமிழக அரசு விலையில்லாமல் கொடுத்தது. 2011 முதல் கொடுக்கப்பட்ட அந்த மடிக்கணினிகள் எத்தனையோ கிராமத்து வீடுகளில் துணி சுற்றிக் கிடக்கின்றன. கல்லூரி முடித்துவிட்ட அந்தப் பெண்தான், மும்பை ஐ.ஐ.டி. உருவாக்கிய ‘ஸ்போக்கன் டுடோரியல்’ பாடங்களைப் பற்றிச் சித்திக்குச் சொன்னது. அங்கே வேதிப்பொறியியல் பேராசிரியராக இருந்த கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய திட்டம் இது. மத்திய கல்வி அமைச்சகத்தின் நிதியுதவி பெற்றது. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களை மட்டுமே கற்றுக்கொடுக்கிறார்கள். ஒவ்வொரு பாடமும் சுமார் பத்து நிமிடம். ஆங்கிலத்தில் தயாரித்து, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் குரல் கொடுத்திருக்கிறார்கள். ஆசிரியர் இல்லாமல் ஒருவர் தானே படிக்க வேண்டும் என்பதை மனதில் வைத்தே பாடம் எழுதப்படுகிறது. தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் பார்க்கலாம். மாலையில் சிக்னல் போய்விடும் ஊர்களுக்கு இது பெரிய உதவி.

அவர்கள் சொல்லும் முறைதான் முக்கியம். திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் பாடமும், மறுபக்கம் மென்பொருளும் ஓட வேண்டும். பாடத்தில் ஒரு அடி வைத்தால் நிறுத்திவிட்டு, இந்தப் பக்கம் அதே அடியை வைக்க வேண்டும். வந்த பிறகுதான் அடுத்தது. லேப்டாப்பில் மென்பொருள், செல்போனில் பாடம் என்று வைத்துக்கொண்டு இந்தப் பெண்மணியும் அதையே செய்தார். மகனின் பழைய நோட்டில் எழுதியும் வைத்துக்கொண்டார். ‘கட்டம் போட - இடது பக்கம் நாலாவது படம். கலர் - கீழ் வரிசை. தப்பாப் போனால் கன்ட்ரோல், இசட்’ என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. ஒரு ராத்திரிக்கு ஒரு வேலை. கட்டம் போட வந்துவிட்டால் படுத்துவிடுவார்.

“மல்லாட்டை ஆயற நேரத்துல போனா?” என்று வீட்டுக்காரர் கோபப்பட்டதும் உண்டு. அதில் நியாயமும் இருந்தது. கூலி ஆள் கிடைக்காத அறுவடை நேரம். பதினைந்து நாள் நோட்டை மூடி வைத்துவிட்டு, பிறகு திறந்தபோது பாதி மறந்திருந்தது. நோட்டு இருந்ததால் பிழைத்தேன் என்கிறார்.

என்ன மென்பொருள் என்று கேட்பவர்களுக்கு: செல்போன் மட்டுமே இருந்தால் ‘கேன்வா’ போதும். ஆஸ்திரேலியாவில் உருவாகி 2013-ல் வெளிவந்தது. அச்சு வார்ப்புகள் தயாராக இருக்கும், எழுத்தையும் படத்தையும் மாற்றினால் வேலை முடியும். ஆனால் சின்னக் கிரீடம் போட்ட படங்களைத் தொட்டால் கடைசியில் காசு கேட்கும். கணினி இருந்தால் படங்களைச் சீராக்க ‘ஜிம்ப்’, லேபிள் வரைய ‘இன்க்ஸ்கேப்’. இரண்டும் முற்றிலும் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். இன்க்ஸ்கேப்பில் வரைந்ததை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கலங்காது. ஒரே லேபிளை அரை லிட்டர் பாட்டிலுக்கும் ஐந்து லிட்டர் கேனுக்கும் பயன்படுத்த அது வசதி.

அவர் லேபிளைத் திரையில் தொடங்கவில்லை. பாட்டிலைச் சுற்றி நோட்டுக் காகிதத்தை ஒட்டி, தையல் டேப்பால் அளந்து, அதன் மேல் பென்சிலால் எது எங்கே என்று குறித்தார். நல்ல பழக்கம். என்னென்ன போட வேண்டும் என்ற பட்டியல் நீளம் என்பதால் இடம் போதாமல் போவதுதான் எல்லோருக்கும் நடப்பது. பொருளின் பெயர், சைவ உணவுக்கான பச்சைச் சின்னம், நிகர அளவு, உணவுப் பாதுகாப்புத் துறை முத்திரையும் 14 இலக்க எண்ணும், தயாரித்தவர் பெயரும் முழு முகவரியும், தொகுதி எண், தயாரித்த அல்லது அடைத்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, உட்பொருள், ஊட்டச்சத்து விவரம், புகார் சொல்ல ஒரு போன் எண். பச்சைச் சின்னத்தை இஷ்டத்துக்குச் சிறிதாக்க முடியாது. சதுரத்துக்குள் வட்டம், முகப்புப் பகுதி 100 சதுர செ.மீ. வரை இருந்தால் வட்டத்தின் விட்டம் குறைந்தது 3 மி.மீ., அதற்கு மேல் 500 சதுர செ.மீ. வரை 4 மி.மீ. சதுரத்தின் பக்கம் அதைப்போல இரு மடங்கு. எண்ணெய்க்கு லிட்டரோடு எடையையும் போட வேண்டும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும், 1 கிலோ என்று எழுதிவிடக் கூடாது. அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்கள் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒரு தாளில் காட்டிவிடுங்கள். அவர்கள் சொல்லும் திருத்தத்துக்குக் காசு கிடையாது. அச்சடித்த பிறகு சொன்னால் ஆயிரம் ஸ்டிக்கர் போகும்.

தமிழ் எழுத்தில் ஒரு தனி வம்பு இருக்கிறது, ஆங்கிலத்தில் சொல்லித்தரும் பாடங்களில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் வராது. நாம் செல்போனில் அடிக்கும் தமிழ் யூனிகோடு. பல அச்சகங்களில் இன்னமும் பழைய எழுத்துருக்களும் பழைய மென்பொருளும்தான். இங்கிருந்து எழுத்தை நகலெடுத்து அங்கே ஒட்டினால் கட்டம் கட்டமாகவோ, கிறுக்கலாகவோ வரும். இல்லையென்றால் ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து நிற்கும். இந்தப் பெண்மணியின் முதல் மாதிரியிலும் ‘சொக்கத் தங்கம் போல’ என்று எழுதியது சிதறிப் போனது. (அந்த வாசகத்தை அவரே பிறகு எடுத்துவிட்டார், நல்லது.) வழி எளிது. வேலை முடிந்ததும் எழுத்துகளை எல்லாம் தேர்வு செய்து, இன்க்ஸ்கேப்பில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ என்று கொடுத்தால் எழுத்து படமாக மாறிவிடும். பிறகு பி.டி.எஃப். ஆகக் கொடுத்தால் எந்த அச்சகத்திலும் மாறாது. மாற்றும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், படமான பிறகு பிழை திருத்த முடியாது. எழுத்துருக்களுக்கும் காசு வேண்டாம். முக்த மலர், கேடமரன், பாலூ தம்பி, ஹிந்த் மதுரை என்று வியாபாரத்துக்கும் பயன்படுத்தத் தடையில்லாத தமிழ் எழுத்துருக்கள் கூகுளில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அடுத்து நிறம். திரையில் பளபளவென்று இருந்த இளம்பச்சை, அச்சில் பாசி பிடித்த மாதிரி வந்தது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. திரையின் சில நிறங்களை மையால் கொண்டுவரவே முடியாது. மஞ்சளும் அடர்பழுப்பும் ஏமாற்றாது என்று அச்சகக்காரர் சொன்னதைக் கேட்டு மாற்றினார். அப்புறம், படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கித் தரம் குறைந்துவிடும். ‘டாக்குமெண்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் உள்ளது உள்ளபடி போகும். சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக நிறத்தை ஓட்டிவிட்டால் வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாது.

படத்துக்கு இணையத்தை நாடவில்லை. காலை எட்டு மணி வெயிலில், முறத்தில் பரப்பிய சொந்தக் காயைப் படம் எடுத்துக் கொடுத்தவர், போனைக் கண்டால் சிடுசிடுத்த அதே வீட்டுக்காரர்தான். அடுத்தவர் எடுத்த படத்தை எடுத்துப் போட்டால் உரிமைப் பிரச்னை வரும். அது ஒருபுறம் இருக்க, நம் மண்ணில் விளைந்த காயைவிட அந்த லேபிளுக்கு வேறு என்ன படம் வேண்டும்?

மாதிரித் தாளைப் பாட்டிலில் ஒட்டி மாமியாரிடம் நீட்டினார். கண்ணாடி இல்லாமல் பார்த்த அவர், “தேதிக்கிட்ட எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்குதும்மா” என்றார். எழுத்தைப் பெரிதாக்க ஒரு பூக்கொடியை எடுக்க வேண்டி வந்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து வரைந்த கொடி!

லேபிள் போட வந்தவர்களுக்கு அடுத்து வீடியோ ஆசை வருகிறது. வரட்டும். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில், விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்தினர் 2018-ல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் யூடியூப் சேனல் அதுதான். ஆனால் ஒரு கோடியை மனதில் வைத்து மாட்டை விற்றுக் கேமரா வாங்கிவிடாதீர்கள். யூடியூப்பில் விளம்பர வருமானம் வரவேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்களும், ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். குறும்படங்கள் என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. நம் எண்ணெயை வாங்கும் இருநூறு குடும்பங்களுக்குச் செக்கு ஓடுவதை ஒரு நிமிடம் காட்ட இவ்வளவெல்லாம் தேவையில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸே போதும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள், உரிமை கேட்டு வருவார்கள். யூடியூப்பே இலவச இசைத் தொகுப்பு வைத்திருக்கிறது. செக்குச் சத்தமே நல்ல இசைதான்.

தெலங்கானாவில் ஜஹீராபாத் அருகே பஸ்தாபூரில், டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் தலித் பெண் விவசாயிகள் இந்த வித்தையை இணையப் பாடங்கள் வருவதற்கு முன்பே கற்றவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் உண்டு. கேமராக் கோணங்களுக்கு அவர்களே பெயர் வைத்தார்கள். ஒரு கோணத்துக்குப் பண்ணையாரை வைத்துப் ‘பட்டேல் ஷாட்’ என்று பெயர். கண்ணுக்கு நேராகப் பார்ப்பது ‘சங்கம் ஷாட்’. சங்கத்தில் எல்லோரும் சமமாக உட்கார்ந்து பேசுவதுபோல. வாரங்கல் பகுதிப் பி.டி. பருத்தி விவசாயிகளின் நிலையை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து படம் எடுத்தவர்கள் இந்தப் பெண்கள். பொத்தானின் ஆங்கிலப் பெயர் வாயில் நுழையாதவர்கள் நமக்கு வராது என்று விட்டுவிட வேண்டியதில்லை. இவர் நோட்டில்கூட ‘குரூப்’ என்பது ‘கட்டுக் கட்டறது’ என்றுதான் எழுதியிருக்கிறது.

விவசாய ஆலோசனை சொல்லும் வீடியோ போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. எடிட்டிங் வந்துவிட்டது என்பதற்காக மருந்து அளவு சொல்லக் கிளம்பிவிடக் கூடாது. ஏக்கருக்கா, டேங்குக்கா, எந்தப் பயிருக்கு, எந்த வயதில் என்று ஒரு சொல் வெட்டுப்பட்டாலும் பார்ப்பவர் வயல் கருகும். பூச்சிக்கொல்லி டப்பாவின் லேபிளில் எந்தப் பயிருக்கு அனுமதி என்று இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் அது. உங்கள் வயலில் செய்ததை, ரகம், மண், விதைத்த மாதம், பாசனம் சொல்லிக் காட்டுங்கள். தோற்றதையும் காட்டுங்கள். 2006-ல் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் தொடங்கிய ‘டிஜிட்டல் கிரீன்’ முயற்சியில், விவசாயிகளை வைத்தே படம் எடுத்து ஊரில் திரையிட்டபோது, பார்த்தவர்கள் முதலில் கேட்டது ‘இவர் எந்த ஊர்க்காரர்?’ என்றுதான். படம் எவ்வளவு அழகாக எடுக்கப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை.

மணிலா வீட்டுக்கு வருவோம். புது லேபிள் 500 மட்டும் அடித்தார்கள். தொகுதி எண்ணுக்கும் தேதிகளுக்கும் வெள்ளைக் கட்டம் விட்டிருந்தார். பளபளப்பான ஸ்டிக்கரில் ரப்பர் ஸ்டாம்ப் மை ஒட்டாமல் வழிந்தது, எண்ணெய்க் கை பட்டதும் அழிந்தது. அடுத்த முறை பளபளப்பில்லாத தாளுக்கு மாறினார்கள். அதுவரை அழியாத மை பேனாவால் ஒவ்வொரு பாட்டிலிலும் கையால் எழுதியிருக்கிறார்கள். சென்னைக் கடை மறுபடி 40 பாட்டில் எடுத்தது. இந்த முறை திரும்பி வரவில்லை. குழுக் கடன் இன்னும் இரண்டு தவணை பாக்கி.

இப்போது அக்கம்பக்கத்தில் ராகி மாவு, வேர்க்கடலை மிட்டாய் செய்பவர்கள் லேபிள் கேட்டு வருகிறார்கள். ஒன்றுக்கு 200 ரூபாய் வாங்குகிறார். தேன் விற்கும் ஒருவர் வந்து, ‘சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது’ என்று பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறார். இவர் முடியாது என்றார்.

“அவரு டவுன்லயே போட்டுக்கிட்டாராம். எனக்கு இருநூறு ரூபா போச்சு” என்று சிரித்தபடி, அன்று ஆட்டிய எண்ணெய்க்குத் தொகுதி எண் எழுத உட்கார்ந்தார்.